சானல் சரிவில் புல் வெட்டிய கோடை

காலை ஐந்து ஐம்பதுக்கு, வாசலில் வந்து நின்ற மாமாவின் டெம்போவுக்குள் நான் முதலில் பார்த்தது மூன்று பற்கள் உள்ள ஓர் இரும்புத் தகடு. அது மாட்டியிருந்த நீளக் குழாயும், குழாயின் மறுமுனையில் இருந்த சிவப்பு எஞ்சினும் பிறகுதான் தெரிந்தன. வாழைச் சருகின்மேல் படுக்கவைத்து, உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் காலிச் சாக்கு அடைத்திருந்தது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம் உண்டு. அம்மா ஐந்தே முக்காலுக்கு ரேடியோவைத் திருப்புவாள். முதல் பாட்டு முடிந்து இரண்டாவது தொடங்கியிருந்தது.

மாமா அம்மாவின் தம்பி. வடசேரிச் சந்தையில் வாழைக்குலை ஏற்றிக் களியக்காவிளையில் இறக்குவது அவர் வேலை. திரும்பும்போது வண்டி காலியாக வரும். அன்றைக்குக் காலியாக வரவில்லை.

"அத்தான், இனி நீங்க தெங்கு ஏற வேண்டாம்," என்றார் மாமா. "இது தரையில நின்னு செய்யுத வேலையாக்கும்."

அப்பா அந்தப் புல்வெட்டும் எந்திரத்தைச் சுற்றி வந்தார். பெருவிரலால் தகட்டின் பல்லைத் தடவிப் பார்த்தார். "கொள்ளாம்," என்று மெச்சினார்.

அது எந்த வருடம் என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல எளிய வழி உண்டு. வீடு வீடாக இலவச கலர் டிவி வந்துகொண்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் மாமாவிடம் மட்டும் செல்போன் இருந்தது, அதில் பாம்பு விளையாட்டும் இருந்தது. நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். நம்மில் பலர் இன்று, "அங்கே போகாதே, இங்கே நிற்காதே" என்று பிள்ளைகளிடம் சொல்லும் வயதுக்கு வந்துவிட்டோம். அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

அப்பா இருபது வருடம் தென்னை ஏறியவர். அந்தத் தை மாதத்தில் ஒரு மரத்தின் உச்சியில் அவருக்குத் தலை சுற்றியது. மட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தார். இன்னொருவர் ஏறிப்போய், இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார். இரத்தக் கொதிப்பு, இனி ஏறக் கூடாது என்றார் டாக்டர். அப்பா தலையாட்டினார். மூன்று வாரம் கழித்து, காலில் மாட்டும் தளைக்கயிற்றைத் தேடத் தொடங்கினார். அம்மா அதை மரச்சீனிக் கிழங்குக் குவியலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

"ஏறாம பின்ன என்ன செய்ய?" என்று அப்பா கேட்டார். மாமா கொண்டுவந்த எந்திரம்தான் அதற்குப் பதில்.

முதல் வேலையைக் கொடுத்தவர் தோப்புக்காரர். பணி ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், எல்லோருக்கும் "சார்". இரணியலுக்குப் போகும் ரோட்டை ஒட்டி அவருடைய நிலம் இருந்தது. ரோட்டோரமாக ஒரு வரிசைத் தென்னை, அதற்குக் கீழே சானல் எனும் பாசனக் கால்வாய் வரைக்கும் சரிவு. மூன்று ஆள் உயரம் இருக்கும். நிமிர்ந்து நின்றால் முன்னால் தள்ளும். கோடையில் அணை அடைத்திருக்கும். சானல் வறண்டு, அங்கங்கே குட்டையாகத் தண்ணீர் கிடக்கும். தண்ணீர் திறப்பதற்குள் சரிவை வெட்டிச் சுத்தமாக்க வேண்டும். நன்றாகச் செய்தால் வருடம் மூன்று முறை அந்தச் சரிவும், பக்கத்துத் தோப்புகளின் சரிவுகளும் அப்பாவுக்கு. இல்லையென்றால் களைக்கொல்லி மருந்து அடிக்கிற ஆள் தயாராக இருந்தார். அப்பா திரும்பவும் மரத்துக்குப் போவார். எங்கள் வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்று பேருக்கும் தெரியும்.

அம்மாவுக்கு அந்தச் சரிவு புதிதல்ல. பசுவுக்கு அங்கேதான் புல் அறுப்பாள். சாயங்காலம் ரோட்டில் நின்று குடிப்பவர்கள் பாட்டிலை எந்த மரத்தடியில் எறிவார்கள் என்பதுகூட அவளுக்குத் தெரியும். எந்திரம் ஓடுவதற்கு முந்தின நாள் கம்பால் புல்லை விலக்கி விலக்கி ஒரு சாக்கு நிறையப் பாட்டில் பொறுக்கினாள். பொறுக்கி முடித்துவிட்டு அப்பாவிடம் சொன்னாள்:

"கேட்டியளா, கீழ தொடங்கி மேல போங்க. மேல தொடங்கினா வெட்டிப்போட்ட புல்லுமேலதான் சவிட்டணும். வழுக்கும்."

"தெங்குல உச்சியில இருந்தாக்கும் தொடங்கது," என்றார் அப்பா. "காஞ்ச மட்டையை வெட்டி, கொதும்பை வெட்டி, பொறவு காயை வெட்டி, அப்படியே எறங்கணும்."

"இது தெங்கு இல்ல. கரை."

"ரெண்டும் சரிவுதானே."

"தெங்குல வெட்டினது கீழ போவும். இங்க காலடியிலயே கிடக்கும்."

அப்பா சிரித்தார். இருபது வருடம் மேலிருந்து கீழே இறங்கி வேலை செய்தவரின் சிரிப்பு அது. தொழிலில் எல்லாம் சரியாகச் செய்த ஒருவர், அதே சரியை வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதை அன்றுதான் முதலில் பார்த்தேன். அப்போது எனக்கு அப்பா சொன்னதுதான் சரி என்று பட்டது.

முதல் இரண்டு நாள் அவர் வெறுங்காலோடு வெட்டினார். அந்தக் கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாதத்தின் உள்பக்கம் முழுக்கக் காய்த்து, தென்னை மரத்தின் நிறத்திலேயே இருக்கும். பெருவிரல் மற்ற நான்கிலிருந்தும் விலகி நிற்கும். அந்த விரல்கள் மண்ணைப் பிடித்தன. ரோட்டில் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். இடுப்பளவுப் புல் எந்திரத்துக்கு முன்னால் சாய்ந்து விழுந்தது. பச்சைப் புல்லும் பெட்ரோலும் கலந்த வாசனை வீடு வரைக்கும் வந்தது.

மூன்றாம் நாள் அம்மாவின் கம்புக்குத் தப்பிய ஒரு பாட்டில் தகட்டில் பட்டது. கண்ணாடித் துண்டு முழங்காலுக்குக் கீழே இறங்கியது. ஆஸ்பத்திரியில் ஐந்து தையல். போட்டவர் ஒரு நர்ஸ். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அப்பாவைப் பார்த்தார்.

"செருப்புகூட இல்லாம மிஷின் ஓட்டுத ஆளை இப்பதான் பாக்கேன். கண்ணுக்கு ஏதாவது போட்டிருந்தியளா?"

"இல்ல."

"அதுவும் இல்ல. கொள்ளாம். அடுத்த தடவை வரச்சில வெட்டுப்பட்ட காலையும் பொதிஞ்சு கொண்டு வாங்க."

அப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நர்ஸ் எங்களை அனுப்பும்போது அம்மாவிடம் தனியாக, கமுகம் பாளையை முழங்கால்வரை சுற்றிக் கட்டச் சொன்னார். தன் அண்ணன் தோட்டத்தில் அப்படித்தான் கட்டுவார் என்றார். அந்த நர்ஸின் பெயரை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்கு நன்றி சொல்ல நினைத்தாலும் வழியில்லை.

மாமா அன்று மாலையே களியக்காவிளையிலிருந்து ஒரு ஜோடி கறுப்பு ரப்பர் பூட்ஸ் கொண்டுவந்தார். முட்டிவரை வரும். யாரோ போட்டுக் கழித்தது. அடிப்பாகத்தில் இருந்த வரிகள் தேய்ந்து சமமாகியிருந்தன. யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

தையல் காய ஒரு வாரம் ஆனது. எட்டாம் நாள் காலை அப்பா பூட்ஸ் மாட்டிக்கொண்டு போனார். பனி ஈரம் இன்னும் காயவில்லை. மேலிருந்து தொடங்கினார்.

ஒன்பது மணிக்கு நான் தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி கொண்டுபோனேன். ரோட்டோரத்து மைல்கல்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. "கீழ மட்டும் எறங்கப்பிடாது, கேட்டியா?" கேட்டது. பாத்திரத்தை வைத்தேன். சற்றுத் தள்ளி, குளிக்கிறவர்கள் இறங்கும் படி இருந்தது. சானலில் கிடந்த குட்டையில் மீன் மாட்டியிருக்கும் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். படியில் இறங்கி, சானலுக்குள்ளேயே நடந்து, அந்தக் குட்டைக்குப் போனேன். உண்மையிலேயே மீன் இருந்தது. விரல் நீளத்தில் நாலைந்து. குனிந்து கையை விட்டேன். குட்டை இருந்தது அப்பா வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு நேர் கீழே.

எஞ்சின் சத்தம் மாறியதால்தான் நிமிர்ந்து பார்த்தேன். அப்பா உட்கார்ந்த நிலையில் வந்துகொண்டிருந்தார். வெட்டிப்போட்ட ஈரப் புல்லோடு சேர்ந்து, பலகைமேல் சறுக்குவதுபோல வந்தார். எந்திரம் தோள்வாரில் தொங்கியது. தகடு முன்னால், சுழன்றபடி. அவர் என்னைப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. இடது பக்கம் உருண்டார். குழாய் அவர் கைக்குமேல் புரண்டது. தகடு கரையின் கல்கட்டில் மோதி ஒரு பல் உடைந்து எஞ்சின் நின்றது.

எனக்கும் தகட்டுக்கும் நடுவே நான்கடி இருக்கலாம். அப்போது அளக்கவில்லை. பிறகு பலமுறை மனதுக்குள் அளந்திருக்கிறேன். ஒருபோதும் ஆறடிக்குமேல் போனதில்லை.

அப்பா இடது கையை மடியில் வைத்துக்கொண்டார். மணிக்கட்டு இருக்க வேண்டிய திசையில் இல்லை. முகம் வெளுத்திருந்தது. மெதுவாகத்தான் சொன்னார்:

"மக்கா, வந்த வழியே மேல போ. ரோட்டுல நில்லு. நீ இங்க வரல்ல."

போனேன். படி ஏறி, ரோட்டைச் சுற்றி வந்து, மைல்கல் பக்கத்தில் நின்று, அப்போதுதான் பார்த்ததுபோல "அம்மா" என்று கத்தினேன். அம்மா ஓடிவந்தாள். ரோட்டில் போன இரண்டு பேர் இறங்கித் தூக்கினார்கள்.

அம்மாவின் அடியிலிருந்து என்னைக் காப்பாற்றத்தான் அப்பா அப்படிச் சொன்னார் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். செய்தித்தாளில் வேலைக்குச் சேர்ந்து, விபத்துகளைப் பற்றி எழுதத் தொடங்கிய பிறகுதான் மீதி புரிந்தது. கீழே ஒரு குழந்தை நின்றது என்று தெரிந்திருந்தால் சார் அந்த எந்திரத்தைத் தன் நிலத்தில் மறுபடி ஓடவிட்டிருக்க மாட்டார். அம்மாவும் அதை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டாள். கை ஒடிந்து கிடந்த அந்த அரை நிமிடத்தில் அப்பா இதையெல்லாம் யோசித்திருக்கிறார்.

அம்மாவுக்கு யாரையாவது குற்றம் சொல்ல வேண்டியிருந்தது. பூட்ஸ் கிடைத்தது. பூட்ஸ் கொண்டுவந்தவரும் கிடைத்தார்.

"லேய், கண்ணு எங்க வச்சிருந்த? அடியைத் திருப்பிப் பாத்தியா? குழந்தை கன்னத்தைத் தடவுனா இதைவிடச் சொரசொரப்பா இருக்கும்!"

"அக்கா, நான் நல்லதுக்குத்தானே..."

"நல்லதுக்கு. அவரு கைக்கு மாவுக்கட்டு. அதுவும் நல்லதுக்கா?"

மாமா வாசல்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் வாங்கிய வசவில் பாதி என்னுடையது. அதை எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.

நான்கு நாள் கழித்து சார் வந்தார். குடையை மடக்காமலே வாசலில் நின்றார். நல்லவர்தான், ஆனால் சானல் யாருக்காகவும் காத்திருக்காது. தண்ணீர் திறக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. சரிவில் பாதிக்குமேல் வெட்டாமல் நின்றது.

"கை சரியாக ஆறு வாரம் ஆவும். நான் மருந்து அடிக்கிற ஆளை வரச் சொல்லட்டா?" என்று அப்பாவைக் கேட்டார்.

பதில் அம்மாவிடமிருந்து வந்தது. "சார், மருந்து அடிச்சா வேரும் சேந்து போவும். மழையில கரை இடியும். ஒரு வாரம் தாங்க."

"யாரு வெட்டுவா?"

"ஆளு உண்டு."

சார் போனபின் அப்பா அவளைப் பார்த்தார். "எந்த ஆளு?"

அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் மாமா வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் மைதானத்தில் பந்து விளையாடுவார். அப்போது காலில் போடும் ஷூவைக் கையில் பிடித்திருந்தார். தரையில் கவிழ்த்து வைத்தார். அடியில் பன்னிரண்டு முளைகள். பெரும்பாடு பட்டுத் தேடிப்பிடித்தவர் முகத்தோடு நின்றார்.

"அக்கா, இந்த தடவை திருப்பிப் பாத்தாச்சு. நானே வெட்டுகேன்."

"நீ வண்டியை ஓட்டு போதும். உன் ஷூ இங்க இருக்கட்டும். அந்தக் காக்கி பேன்டையும் கழட்டித் தந்துட்டுப் போ."

"பேன்டா? யாருக்கு?"

"சேலை தகட்டுல மாட்டவா?"

மாமா அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டிப் போனார்.

மறுநாள் காலை எங்கள் ரோட்டில் நடந்து போன உருவத்தை ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. காக்கி பேன்ட், மேலே அப்பாவின் முழுக்கைச் சட்டை, முட்டிவரை கமுகம் பாளை, வடசேரி நடைபாதையில் வாங்கிய பிளாஸ்டிக் கண்ணாடி, விரல்பக்கம் பழந்துணி அடைத்த பந்து ஷூ. பால் கொடுக்கப் போன பக்கத்து வீட்டு மாமி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏட்டி, பந்து எங்க?"

"கோல் அடிச்சிட்டு வந்து சொல்லுகேன். நில்லு."

மாமா புதுத் தகடு மாட்டித் தந்திருந்த எந்திரத்தை எட்டு மணி வரை அம்மா தொடவில்லை. புல்லைக் கையால் தடவி, ஈரம் இல்லை என்று தெரிந்தபிறகுதான் கயிற்றை இழுத்தாள். அதற்குமுன் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து, ரோட்டில் ஒரு துண்டும் குளிக்கும் படியில் ஒரு துண்டும் கட்டியிருந்தாள். படியில் கட்டும்போது என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். முடிச்சை இறுக்கினாள்.

சானல் ஓரத்திலிருந்து தொடங்கினாள். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், ஒரு பட்டை. கடைசிவரை போனதும் எஞ்சினை அணைத்தாள். அணைத்த எந்திரத்தைச் சுமந்தபடி தொடங்கிய இடத்துக்கே நடந்து வந்தாள். ஒரு காலடி மேலே ஏறி, அடுத்த பட்டை. வெட்டிய புல் எப்போதும் அவளுக்குக் கீழே விழுந்தது. கால் வைத்த இடம் எப்போதும் வெட்டாத புல்லின் வேர். யாராவது ரோட்டில் நின்றால் எஞ்சினை நிறுத்திவிட்டு, அவர்கள் போகும்வரை இடுப்பில் கைவைத்து நின்றாள். இதனால் திமிர் பிடித்தவள் என்று கொஞ்சம் பெயரும் கெட்டது.

அப்பா கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டு மைல்கல்மேல் உட்கார்ந்திருந்தார். வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அவள் எந்திரத்தை அணைக்கும்வரை விடமாட்டார். முதலில் "பைய, பைய" என்று கத்திக்கொண்டிருந்தார். எஞ்சின் சத்தத்தில் அது அவளுக்குக் கேட்காது. மூன்றாம் நாள் கத்துவதை நிறுத்தினார். பிறகு என்னிடம் சொன்னார்:

"உங்கம்மை சொன்னதுதான் சரி."

"அம்மாட்ட சொல்லுங்கப்பா."

"எஞ்சின் ஓடட்டு," என்றார்.

சானலைக் கடக்கும் பாலத்துக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் கரையின் அடிமண் அரித்து, மேல்பாகம் கூரைபோல நீட்டிக்கொண்டிருந்தது. அங்கே அம்மா எந்திரத்தைக் கொண்டுபோகவில்லை. மேலே தென்னையடியில் குப்புறப் படுத்து, கை எட்டியவரை அரிவாளால் அறுத்தாள். எட்டாததை விட்டுவிட்டாள். ஆறாம் நாள் பதினொரு மணிக்கு வேலை முடிந்தது. சார் வந்து ரோட்டில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார். விட்டுப்போன இடத்தைக் குடையால் காட்டினார்.

"அது நிக்கட்டும் சார்," என்றாள் அம்மா. "அங்க ஆளு நிக்க முடியாது."

சார் குடையை இறக்கினார். "சரி, நிக்கட்டும்," என்றார். பிறகு, ஓணத்துக்கு முன்னால் ஒரு தடவை வெட்ட வேண்டும் என்றார். அதை அப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை.

போன வருடம் மாமா புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். சாப்பிட்டு முடித்து எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தபோது நான் சொல்லிவிட்டேன். அன்று நான் கீழே இருந்தேன், அப்பா விழுந்தது பூட்ஸால், கை ஒடிந்தது என்னால் என்று. இருபது வயதில் சொல்லியிருக்க வேண்டியது.

அப்பா சுவரைப் பார்த்தார். அம்மா வெற்றிலையை மடித்து முடித்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றாள். "ஊரெல்லாம் காஞ்சு கிடக்கு, உன் பாவாடை முட்டுவரை நனைஞ்சிருந்து. மைல்கல்லுலயா வெள்ளம் இருக்கு?"

மாமா எழுந்தே விட்டார். "அக்கா! அப்போ என்னை எதுக்கு மூணு மாசம் திட்டின?"

"அவரு கை ஒடிஞ்சு கிடக்காரு. இவ சின்னப்பிள்ள, பேடிச்சுப் போயிருக்கா. வீட்டுல வேற யாரு இருந்தா திட்டதுக்கு?"

மாமாதான் முதலில் சிரித்தார். அதற்காகவும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். அன்று மூன்று பெரியவர்களும் ஆளுக்கொன்றைச் சுமந்தார்கள். அப்பா வலியையும், மாமா வசவையும், அம்மா தெரிந்துகொண்டே பேசாமலிருந்ததையும். எனக்கென்று ஒன்றையும் அவர்கள் மிச்சம் வைக்கவில்லை. பெரியவர்கள் செய்த தவறுகளையெல்லாம் இன்று என்னால் வரிசையாகச் சொல்ல முடியும்: வெறுங்கால், தேய்ந்த பூட்ஸ், ஈரப்புல், மேலிருந்து தொடங்கியது. எழுதும்போது அவற்றைவிட அதிகமாக நினைவுக்கு வருவது, ஒரே மட்டத்தில் ஒரு பட்டை வெட்டி, எஞ்சினை அணைத்து, நடந்து திரும்பிய அம்மாவின் நடைதான்.

அப்பா அதற்குப் பிறகு மரம் ஏறவில்லை. அந்தச் சரிவைப் பதினொரு வருடம் அம்மா வெட்டினாள்.